வசந்தாமணியின் குரலுக்கு இரண்டு ஹெட்போன்

ஆயுத பூஜைக்கு மறுநாள் காலை ஆறேகால் மணிக்கு, ஈரோட்டில் பெருந்துறை ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிற ஹவுசிங் போர்டு குடியிருப்பில், சி பிளாக் இரண்டாவது மாடியில் குடியிருந்த வசந்தாமணியின் குரல், அவள் தொண்டையை விட்டுக் கிளம்பி, டிவிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த ஒரு டப்பிக்குள் போய்க் குடியேறிவிட்டது. பால் பொங்குகிற நேரம். "ஏனுங்க, அடுப்பை அணைங்க" என்று குளியலறைக்குள்ளிருந்து கத்தினாள். வாய் திறந்தது, நாக்குப் புரண்டது, சத்தம் என்று ஒன்று வரவில்லை. பால் தன் பாட்டுக்குப் பொங்கி, அடுப்பை நனைத்து, மேடையில் ஓடி, தரைக்கும் இறங்கியது. ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வீட்டுக்காரர் நாச்சிமுத்து அசையவில்லை. ஆனால் அதை வைத்து ஒன்றும் முடிவு செய்துவிட முடியாது, குரல் இருந்த காலத்திலும் அவர் அசைந்ததில்லை.

இப்படிச் சொன்னதும் அவரைக் கொடுமைக்காரர் என்று நினைத்துவிட வேண்டாம். குடித்ததில்லை, அடித்ததில்லை, சாப்பாட்டில் உப்பு இல்லையென்றால்கூட உப்பு இல்லாமலே சாப்பிட்டு எழுந்து போகிற மனிதர். நூல் மில்லில் முப்பத்து நான்கு வருஷம் ஸ்டோர் கீப்பராக இருந்தார். மெஷின் இரைச்சலுக்கு நடுவில் யார் என்ன சொன்னாலும் தலையை ஆட்டிவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் பழகியவர், அந்தத் தலையாட்டலை அப்படியே வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார், அவ்வளவுதான். ஆனி மாதம் ரிட்டயர் ஆகி வீட்டில் உட்கார்ந்த பிறகுதான் வீட்டிலும் சத்தம் இருக்கிறது என்பதே அவருக்குத் தெரிந்தது. மிக்சி, குக்கர், சாயங்காலமானால் சீரியல், சீரியலுக்கு மேல் வசந்தாமணி. போதுமடா சாமி என்று குடியிருப்பு வாசலில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஷாஜகானிடம் போய் வழி கேட்டார். ஷாஜகான் ஒரு டப்பியை எடுத்துக் காட்டினான். ப்ளூடூத் டிரான்ஸ்மிட்டர். "டிவிக்குப் பின்னாடி சொருகிட்டாப் போதும் சார், சத்தம் பூராவும் நேரா அக்கா காதுக்குப் போயிரும். வீட்டுல ஈ பறந்தாக்கூட உங்களுக்குக் கேக்கும். ஒரே நேரத்துல ரெண்டு ஹெட்போனுக்குத்தான் வேலை செய்யும், மூணாவதுக்குப் போகாது." இரண்டு ஹெட்போனும் சேர்த்துக் கொடுத்தான்.

வாங்கிய நாள் ஆயுத பூஜை. புதுச்சாமான் வீட்டுக்குள் வந்துவிட்டு பூஜையில் வைக்காமல் இருந்தால் எப்படி? வசந்தாமணி எதையும் அரைகுறையாகச் செய்கிறவள் இல்லை. கிரைண்டர், மிக்சி, அயர்ன் பாக்ஸ், தையல் மெஷின், நாச்சிமுத்துவின் ஸ்கூட்டர் சாவி என்று வரிசையாகச் சந்தனம் குங்குமம் வைத்துக்கொண்டே வந்தவள், தீப்பெட்டி அளவில் இருந்த அந்த டப்பிக்கும் வைத்தாள். எங்கே வைப்பது என்று தேடவே தேவையில்லை, நட்டநடுவில் வட்டமாக ஒரு பட்டன் இருந்தது. சந்தனத்தைக் கெட்டியாகக் குழைத்து அதன் மேல் அப்பி, குங்குமத்தை வைத்து அழுத்தினாள். அது ஜோடி சேர்க்கிற பட்டன். ராத்திரியோடு சந்தனம் காய்ந்து இறுகி, அழுத்திய பட்டனை அழுத்தியபடியே பிடித்துக்கொண்டது. டப்பி விடிய விடிய நீல விளக்கைச் சிமிட்டிக்கொண்டு, சத்தம் போடுகிற எதனோடாவது சேர்ந்துவிட வேண்டும் என்று காத்திருந்தது. டிவி அணைந்திருந்தது. விடிந்ததும் அந்த வீட்டில் முதலில் வாயைத் திறந்தது யார் என்று சொல்ல வேண்டியதில்லை. காரணம் என்று கேட்டால் சி பிளாக்கில் எல்லோரும் இதைத்தான் சொன்னார்கள், அதற்கு மேல் யாரும் மண்டையைக் குடைந்துகொள்ளவில்லை.

போயும் போயும் அன்றைக்குப் பார்த்தா போக வேண்டும்! வசந்தாமணிக்கு ஆத்திர ஆத்திரமாக வந்தது. வீட்டை விற்றுவிட்டு பெங்களூருக்கு வந்துவிடுங்கள் என்று மகன் நவநீதன் சொல்லியிருந்தான், நாச்சிமுத்துவும் தலையாட்டிவிட்டார், ஆள் பார்த்தாகிவிட்டது, அடுத்த வெள்ளிக்கு அடுத்த வெள்ளிக்கிழமை ஒப்பந்தத்தில் கையெழுத்து. அவளுக்கு இந்த வீட்டை விட்டுப் போக மனசில்லை. பதினான்காவது மாடியில், மருமகளின் சமையலறையில், டீ போடுவதற்கு டீத்தூள் எங்கே என்று கேட்டுக்கொண்டு நிற்கிற விருந்தாளியாக மிச்ச ஆயுசைக் கழிக்க அவள் தயாராக இல்லை. இதைப் புருஷனிடம் இருபது தடவையாவது சொல்லியிருப்பாள், இருபது தடவையும் மனுஷன் தலையாட்டினார். இன்றைக்கு அவரை எதிரில் உட்கார வைத்து, பேப்பரைப் பிடுங்கி வைத்துவிட்டுச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தாள். அந்த முடிவு செய்த வாய்தான் இப்போது வெறும் வாயாக இருந்தது.

விஷயத்தைக் கண்டுபிடித்தது எதிர்வீட்டு கிளாரா டீச்சர். பள்ளிக்கூடத்தில் டிரில் டீச்சராக இருந்து, இப்போது குடியிருப்போர் சங்கத்தின் செயலாளராக இருப்பவர். கறிவேப்பிலை வாங்க வந்தவர், சோபாவில் கிடந்த ஹெட்போனைப் பார்த்துவிட்டு, "புதுசா?" என்று எடுத்து மாட்டிப் பார்த்தார். உடனே இரண்டு காதுக்கும் நடுவில், "டீச்சர்! டீச்சர்! எனக்குத் தொண்டை போயிருச்சு டீச்சர்!" என்றது.

"எங்க போச்சு? இதுல கணீர்னு கேக்குதே" என்றார் டீச்சர். ஹெட்போனோடேயே உட்கார்ந்து காபி குடித்தார். குடித்து முடிப்பதற்குள் வசந்தாமணி பால் பொங்கியதிலிருந்து பெங்களூர் வரை எல்லாவற்றையும் சொல்லி முடித்துவிட்டாள். பதினாறு வருஷம் எதிர்வீட்டில் இருந்தும், வசந்தாமணி ஆரம்பித்த ஒரு வாக்கியத்தை அதன் கடைசி வரை கேட்டது அன்றைக்குத்தான் என்று டீச்சருக்குத் தோன்றியது. வெளியே குக்கர் கூவியது, லாரி போனது, ஒன்றும் குறுக்கே வரவில்லை.

ஷாஜகான் வந்து பார்த்தான். டப்பியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஒண்ணுமில்லக்கா, பட்டன் சிக்கியிருக்குது. இந்தப் பொட்டை ஈரத்துணியில தொடச்சு விட்டாச் சரியாயிரும்" என்றான். ஹெட்போனை மாட்டியிருந்த டீச்சரின் காதில் வசந்தாமணி போட்ட சத்தத்தில் டீச்சர் ஒரு அடி பின்னால் போனார். "எங்கையால வச்ச பொட்டை நானே அழிக்கறதா? அவரு குத்துக்கல்லாட்டம் உசுரோட உக்காந்திருக்கறாரு! முடியவே முடியாதுன்னு சொல்லுங்க டீச்சர்!" அப்படியானால் நீ தொடை என்று டீச்சர் ஷாஜகானிடம் சொன்னார். "ஐயோ, பூஜை பண்ணினதை நான் தொட்டா நாளைக்கு ஏதாச்சும் ஒண்ணுன்னா என் பேரு அடிபடுங்க. நீங்க தொடைங்க." டீச்சரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். ஆக மொத்தம் மூன்று பேரும் பொட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், பொட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது. டப்பியை அணைத்துப் பார்த்தார்கள். அணைத்தால் ஹெட்போனில்கூட அவள் இல்லை. பயந்துபோய் மறுபடியும் போட்டு, சார்ஜ் ஏற்றி, அன்றிலிருந்து வசந்தாமணி அதை ஒரு கைப்பைக்குள் போட்டுக்கொண்டு நடமாடினாள்.

சி பிளாக் என்ன செய்தது என்று கேட்டால், ஒன்றும் பதறவில்லை. தண்ணி லாரி வராத நாளில் பதறியதில் கால்வாசிகூடப் பதறவில்லை. காய்கறி வண்டி மாராயி தலையில் சும்மாட்டுக்கு மேல் ஹெட்போனை மாட்டிக்கொண்டு வியாபாரம் பேசினாள். "மத்தவங்க மாடியில நின்னு கத்துனா, இளசுதான் கண்ணுன்னு சொல்லிட்டுப் போயிருவேன். இந்தக்கா காதுக்குள்ளயே வந்து, முத்தலாட்ட இருக்குதே மாராயின்னு கேக்குது. எப்படிப் பொய் சொல்றது?" என்று நல்ல வெண்டைக்காயாகப் பொறுக்கிப் போட்டாள். டிவி ஊமையாகிவிட்டது, ஆனாலும் சாயங்காலச் சீரியல் நிற்கவில்லை. திரையில் வாய் அசைகிறவர்களுக்கெல்லாம் வசந்தாமணியே வசனம் சொன்னாள், அது டிவிக்காரர்கள் எழுதியதைவிட நன்றாக இருந்தது என்று கேட்டவர்கள் எல்லோரும் சத்தியம் செய்தார்கள். கேட்பதற்குத்தான் போட்டி. இரண்டே ஹெட்போன். முதல் மாடிக்காரி அரைமணி நேரமாகக் கழற்றவில்லை என்று மூன்றாம் மாடிக்காரி புகார் செய்ததும், கிளாரா டீச்சர் விசிலை எடுத்துக்கொண்டு வந்து, வரிசை போட்டு, சங்கத்து அறிவிப்புப் பலகையில் எழுதினார்: ஆளுக்குப் பதினைந்து நிமிஷம், காதில் எண்ணெய் வைத்துக்கொண்டு வரக் கூடாது, பி பிளாக்காருக்கு ஞாயிற்றுக்கிழமை மட்டும்.

அப்படி என்னதான் பேசினாள்? ஒன்றுமில்லை, எல்லோரும் பேசுகிற பேச்சுதான். மருமகளைத் திட்ட வந்தவளிடம், நேற்று அவள் மாடிப்படியில் மூச்சு வாங்க நின்றாள், டாக்டரிடம் கூட்டிப்போ என்றாள். ரசம் ஏன் கசக்கிறது என்று வந்தவளிடம், புளியை மாற்று என்றாள். ஆனால் மண்டைக்கு நடுவில், வேறெந்தச் சத்தமும் இல்லாத இடத்தில், ஒரு மனுஷி நிதானமாகப் பேசினால் எப்படி இருக்கும் என்பது அதுவரை அந்தப் பிளாக்கில் யாருக்கும் தெரியாது. கேட்டுவிட்டு ஹெட்போனைக் கழற்றும்போது சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். சாயங்காலமானால் பேச்சுக்கு நடுவில் வேறொரு பெண் குரல் வந்து, "பேட்டரி லோ" என்று சொல்லும். அந்தம்மாவுக்கும் சி பிளாக்கில் மரியாதை இருந்தது. அவர் சொன்னால் எல்லோரும் எழுந்து அவரவர் வீட்டுக்குப் போய்விடுவார்கள்.

ஆக, வசந்தாமணிக்கு வீட்டை விட்டுப் போக மனசில்லை என்கிற விஷயம் சி பிளாக் பன்னிரண்டு வீட்டுக்கும், பாதி பி பிளாக்குக்கும், மாராயிக்கும், மாராயியின் வண்டிக்குப் பஞ்சர் ஒட்டுகிறவருக்கும் தெரிந்துவிட்டது. தெரியாதது ஒரே ஒருவருக்கு.

நாச்சிமுத்து ஹெட்போன் பக்கமே போகவில்லை. காசு கொடுத்து வாங்கிய அமைதியை எதற்குக் காதை மூடிக் கெடுத்துக்கொள்ள வேண்டும்? அவர் பாட்டுக்குப் பேப்பர் படித்தார், குறுக்கெழுத்துக் கட்டம் நிரப்பினார், மத்தியானம் தூங்கினார். கல்யாணமான இருபத்தொன்பது வருஷத்தில் வீடு இப்படிக் குளுகுளுவென்று இருந்ததே இல்லை. மகனிடம் போனில் சொன்னார்: "உங்கம்மா ரொம்ப மாறிட்டாடா. வாயே தொறக்கறதில்லை. பெங்களூர் வர்றதுக்கு முழுச் சம்மதம்னு நெனைக்கறேன்." அவருக்கு இரண்டடி எதிரில் நின்றுகொண்டு வசந்தாமணி கத்திய கத்தலில், மாடிப்படியில் ஹெட்போனோடு உட்கார்ந்திருந்த இரண்டு பெண்களும் காதைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார்கள். அவருக்கு எதிரில் ஒரு வாய் அசைந்தது. அவர் தலையாட்டினார்.

அவள் எழுதியும் பார்த்தாள். ஒரு வெள்ளைத்தாளில் கொட்டை எழுத்தில் "வீட்டை விக்க வேண்டாம்" என்று எழுதி பேப்பருக்கு மேல் வைத்தாள். முப்பத்து நான்கு வருஷ ஸ்டோர் கீப்பர் அல்லவா, தன் முன்னால் வைத்த தாளை எடுத்து, கீழே "பார்வையிடப்பட்டது" என்று எழுதி, சுருக்கொப்பம் போட்டு, தேதியும் போட்டு, சுவரில் தொங்கிய குத்துக்கம்பியில் குத்திவிட்டு, மறுபடியும் பேப்பரை எடுத்துக்கொண்டார். மில்லிலும் அவர் அப்படித்தான், எத்தனையோ பேருடைய விண்ணப்பங்கள் அவர் கம்பியில் பழுத்து உதிர்ந்திருக்கின்றன. கிளாரா டீச்சரே வந்து நேரில் சொன்னார்: "சார், வசந்தாவுக்கு இதுல விருப்பமில்லை."

"புருஷன் பொண்டாட்டி விஷயமுங்க டீச்சர். விருப்பமில்லைன்னா அவ எங்கிட்டச் சொல்ல மாட்டாளா? வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொன்னாளா, கேட்டுப் பாருங்க" என்றார் நாச்சிமுத்து.

வெள்ளிக்கிழமை வந்தது. வீடு வாங்குகிறவர், காங்கேயத்துக்காரர், நல்ல நேரம் பார்த்துப் பத்தரைக்கு ஒப்பந்தப் பத்திரத்தோடு வந்து ஹாலில் உட்கார்ந்தார். வெற்றிலைத் தட்டு வைத்தாகிவிட்டது. நாச்சிமுத்து பேனாவைத் திறந்தார். அப்போது மாடிப்படியில் விசில் சத்தம் கேட்டது. கிளாரா டீச்சர் முன்னால் வர, பின்னால் சி பிளாக் முழுவதும் வந்து ஹாலை அடைத்துக்கொண்டு நின்றது.

"சார், கையெழுத்துப் போடறதுன்னாப் போடுங்க. போடறதுக்கு முன்னாடி ஒரே ஒரு தடவை இதைக் காதுல மாட்டுங்க. உங்க பதினஞ்சு நிமிஷத்தை நீங்க எடுத்துக்கவே இல்லை" என்று ஹெட்போனை நீட்டினார் டீச்சர். விருந்தாளிக்கு முன்னால் வம்பு வேண்டாமே என்று நாச்சிமுத்து வாங்கி மாட்டினார்.

வசந்தாமணி கைப்பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு அவருக்கு எதிரில் வந்து நின்றாள். "வீட்டை விக்காதீங்க. எனக்கு இங்கதான் இருக்கோணும்" என்றாள், ஒவ்வொரு சொல்லாக. இன்னொரு ஹெட்போனைப் போட்டிருந்த டீச்சருக்கு அது தெள்ளத் தெளிவாகக் கேட்டது.

நாச்சிமுத்து கொஞ்ச நேரம் தலையைச் சாய்த்துக் கேட்டார். பிறகு எழுந்தார். நேராகச் சுவரோரம் போய், ஃபேனைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார்.

ஹாலில் இருபது பேர் வேர்த்துக்கொண்டு நின்றார்கள். "ஏன் சார், ஃபேனை எதுக்குக் குறைச்சீங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"குளிருதுன்னு சொன்னா" என்றார் நாச்சிமுத்து.

வசந்தாமணி அப்படி எதுவும் சொல்லவில்லை. இல்லை, சொல்லியிருக்கிறாள். கல்யாணமான மூன்றாம் நாள், அவர் வீட்டு மச்சில், புதுப்புடவையில் நடுங்கிக்கொண்டு, ஃபேனைக் கொஞ்சம் குறைக்கிறீங்களா, குளிருது என்று சொன்னாள். அவர் தலையாட்டிவிட்டுத் தூங்கிப்போனார். ஷாஜகானைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவன் இதில் என்ன இருக்கிறது என்கிற மாதிரி சொன்னான்: "டிவியில பாத்திருப்பீங்களே, உதடு முதல்ல அசையும், சத்தம் கொஞ்சம் பின்னாடி வரும். ப்ளூடூத்துன்னா அப்படித்தானுங்க. சாருக்குக் கொஞ்சம் ஜாஸ்தியா லேட்டாகுது. இருபத்தொன்பது வருஷமா அவரு வாங்கிக்காம விட்டதெல்லாம் வரிசையில நிக்குது. முன்னாடி இருக்கறது போனாத்தான் பின்னாடி இருக்கறது வரும்."

"அவங்க இப்ப என்ன சொல்றாங்கன்னு நாங்க சொல்லிடறோம் சார்" என்றார் டீச்சர்.

நாச்சிமுத்து கையைக் காட்டி நிறுத்தினார். வாழ்க்கையில் அவர் மீறாத சட்டம் ஒன்று உண்டென்றால், ஸ்டோரில் முதலில் வந்த சரக்குதான் முதலில் வெளியே போக வேண்டும் என்பது. முதலாளியே வந்து நின்றாலும் பழைய பஞ்சுப் பேல் தீராமல் புதுப் பேலைப் பிரிக்க விடமாட்டார். "வரிசை தப்பக் கூடாதுங்க. அவ அத்தனையும் சொல்லி, அது அப்படியே கெடக்குதுன்னா, கெடக்கறதைத் தீர்க்காம நான் எப்படிப் புதுசாக் கையெழுத்துப் போடறது?" என்று பேனாவை மூடிவிட்டார். காங்கேயத்துக்காரர் மத்தியானச் சாப்பாடு வரை உட்கார்ந்து பார்த்தார், பிறகு பத்திரத்தைச் சுருட்டிக்கொண்டு, முடிந்ததும் போன் பண்ணுங்கள் என்று கிளம்பிப் போனார்.

அதன் பிறகு நடந்ததை சி பிளாக் வேலை வெட்டியை விட்டுவிட்டுப் பார்த்தது. நாச்சிமுத்து ஹெட்போனைக் கழற்றவே இல்லை. ஒரு நாளைக்கு ஏறக்குறைய ஒரு வருஷம் ஓடியது. கேட்பதோடு நிற்கவும் இல்லை, கேட்டதையெல்லாம் அவ்வப்போதே செய்தார். திடீரென்று எழுந்து போய் ஒரு அட்டை ஹேர்பின் வாங்கி வந்து கொடுத்தார். சமையலறைக்குள் ஓடிவந்து வசந்தாமணியின் இடதுகைக் கட்டைவிரலைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்து, தொண்ணூற்றாறில் அரிவாள்மனையில் வெட்டிக்கொண்டு எப்போதோ ஆறிப்போன தழும்பின் மேல் மஞ்சள்தூளை அப்பினார். ஒரு நாள் மத்தியானம் பால்கனிக்குப் போய், மொட்டை வெயிலில் ஒரு மேகமும் இல்லாத வானத்தைப் பத்து நிமிஷம் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நின்றார். வசந்தாமணிக்கு உடனே நினைவு வந்துவிட்டது, வானவில்லைப் பார்க்க வாங்க என்று அவரைக் கூப்பிட்ட சாயங்காலம். அறிவிப்புப் பலகையில் டீச்சர் தினமும் காலையில் எழுதினார்: சார் இன்று தொண்ணூற்றேழில் இருக்கிறார்.

தொண்ணூற்றேழில் ஒரு சத்தம் வந்தது. "ஏனுங்க, ஓடியாங்க, பையன் நடக்கறான்!" நாச்சிமுத்து வேட்டி தடுக்க விழுந்தடித்துப் படுக்கையறைக்கு ஓடினார். அங்கே இஸ்திரிக்குப் போட வேண்டிய துணிமூட்டைதான் கிடந்தது. அதைப் பார்த்துக்கொண்டு நெடுநேரம் நின்றார். பிறகு பெங்களூருக்குப் போன் போட்டார். நவநீதன் ஆபீஸ் மீட்டிங்கில் இருந்தான்.

"டேய், நீ நடக்கறியாமா?" என்றார்.

"என்னப்பா சொல்றீங்க? உக்காந்துட்டுத்தான் இருக்கேன்."

"சரிடா, சரிடா. மெதுவா நட" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

காங்கேயத்துக்காரர் இரண்டாயிரத்து மூன்று வரை பொறுத்தார். "இன்னும் ரெண்டாயிரத்து மூணுலதானுங்க இருக்கறேன், வீட்டைப் பத்தி அவ பேச்செடுக்கவே இன்னும் நாளாகும்" என்று நாச்சிமுத்து போனில் சொன்னதும், உங்க வீடும் வேண்டாம், உங்க ஹெட்போனும் வேண்டாம் என்று வேறு இடம் பார்த்துப் போய்விட்டார். மகன் விடவில்லை, இவர் இல்லையென்றால் இன்னொருவர் என்று அடுத்த ஆளைத் தேடிக்கொண்டிருந்தான். பிளாக் முழுக்கச் சிரிப்பும் கும்மாளமுமாக இருந்தது. ஆனால் வசந்தாமணி சிரிப்பதை நிறுத்திவிட்டாள். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தாள். இன்றைக்கு மூன்று, நாளைக்கு நான்கு, அதற்கு மறுநாள் ஐந்து.

இரண்டாயிரத்து ஐந்து ஐப்பசியில் சென்னிமலையில் அவள் அம்மா படுத்த படுக்கையானாள். ஈரோட்டிலிருந்து சென்னிமலைக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம்கூட ஆகாது. அம்மாவைப் பார்க்க ஒரு எட்டுப் போயிட்டு வந்துடலாமுங்களா என்று அவள் ஒன்பது நாளில் பதினோரு தடவை கேட்டாள். மில்லில் ஸ்டாக் எடுக்கிற நேரம். பதினோரு தடவையும் தலையாட்டினார். தனியாகப் போய்வர அவளுக்கு அப்போது தைரியமும் இல்லை, பழக்கமும் இல்லை. பத்தாம் நாள் காலையில் போன் வந்தது. அம்மாவைச் சுடுகாடு சேர்ப்பதற்குத்தான் போய்ச் சேர்ந்தார்கள்.

அந்த வருஷம் அவர் காதுக்கு வர வேண்டிய நாள் காலையில் அவள் அடுப்பே பற்ற வைக்கவில்லை. அவருக்கு எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். பாவம், இந்த வயசில் இதை இவர் கேட்க வேண்டுமா, பிடுங்கி எறிந்துவிடலாமா என்று கை பரபரத்தது. கேட்கட்டும், ஒன்று விடாமல் கேட்கட்டும், நான் தனியாக அழுததை இவரும் கேட்கட்டும் என்று வயிறு எரிந்தது. இரண்டும் உண்மை. கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

பதினொன்றேகாலுக்கு அவர் முகம் மாறியது.

பேப்பரை மடித்து வைத்தார். எழுந்து சட்டையைப் போட்டார். பித்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே இரண்டாவது தடவை வந்திருக்க வேண்டும். "போலாம்" என்றார் யாரும் இல்லாத பக்கம் பார்த்து. அலமாரியிலிருந்து மஞ்சள் பையை எடுத்தார், "போலாம் புள்ள, போலாம்" என்றார். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு அவளைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கிச் சிவந்திருந்தது.

"கெளம்பு. உங்கம்மாளப் பாத்துட்டு வந்தர்லாம்."

அம்மா செத்துப் பத்தொன்பது வருஷமாயிற்று என்று அவள் சொல்லவில்லை. சொன்னாலும் அது வரிசையின் கடைசியில் போய்த்தான் நிற்கும். செருப்பை மாட்டிக்கொண்டு பின்னால் நடந்தாள். படியில் உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்து வழி விட்டார்கள், டீச்சர்கூட எந்த வருஷம் என்று கேட்கவில்லை. பஸ்ஸில் ஜன்னலோரமாக அவளை உட்கார வைத்துவிட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். தொடர்பு அறுந்துவிடக் கூடாதே என்கிற மாதிரி அவள் கைப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தார். நான்காவது தடவை, ஐந்தாவது தடவை. ஒவ்வொரு தடவைக்கும், "போயிட்டுத்தான் இருக்கறோம், வந்துருச்சு, இதோ வந்துருச்சு" என்று பதில் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் யாரிடமோ போனில் பேசுகிறார் என்று கண்டக்டர் நினைத்துக்கொண்டார்.

அம்மா வீடு இருந்த இடத்தில் இப்போது போர்வைக் கடை இருந்தது. அவள் அம்மாவின் கட்டில் கிடந்த அறையில் பெட்ஷீட்டுகளைக் கூரை வரை அடுக்கியிருந்தார்கள். கல்லாவில் இருந்தவர் எழுந்து, "வாங்க, வாங்க. சிங்கிளுங்களா, டபுளுங்களா?" என்றார்.

நாச்சிமுத்து படியேறி உள்ளே போனார். பதினோராவது தடவையையும் கேட்டு முடித்தார். அதற்குப் பிறகு வந்த சத்தம் வார்த்தை இல்லை, அது அவள் பின்கட்டில் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதது. அதையும் நின்று கடைசி வரை கேட்டார். பிறகு ஹெட்போனைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அத்தையப் பாக்க வந்தோமுங்க" என்றார்.

கடைக்காரர் உள்ளூர்க்காரர், விவரம் தெரிந்தவர். இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "அவங்க தவறி ரொம்ப வருஷமாச்சுங்களே."

"தெரியுமுங்க" என்றார் நாச்சிமுத்து. "நான் வர்றதுக்கு லேட்டாயிருச்சு." பெட்ஷீட் கட்டின் மேல் கையை ஊன்றிக்கொண்டு, பேர்கூடத் தெரியாத ஒருவரின் கடையில் நின்று, சின்னப்பிள்ளை மாதிரி விசும்பி விசும்பி அழுதார். வசந்தாமணி பக்கத்தில் போய் நின்றாள். பத்தொன்பது வருஷமாக எரிந்துகொண்டிருந்தது அணைந்துவிட்டது என்று சொல்லிவிட முடியாது. ஆனால் அதன் பக்கத்தில் இப்போது இன்னொரு ஆளும் உட்கார்ந்திருந்தார். அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"டபுளே ஒண்ணு குடுங்க" என்றாள். அவர் இறுக்கிப் பிடித்த பிடியில் கைப்பைக்குள் பொட்டு உதிர்ந்துவிட்டதோ என்னவோ, சத்தம் அவள் தொண்டையிலிருந்தே வந்தது.

கடைக்காரர் ஏணியில் ஒரு காலை வைத்துத் திரும்பினார். "என்ன கலருங்கக்கா?"

"எந்தக் கலரா இருந்தாலும் சரி. எங்க வீட்டுக் கட்டிலுக்குத்தான். ஈரோட்டுலதான் இருக்கறோம், எங்கியும் போகலை" என்றாள் வசந்தாமணி, கடைக்காரரிடம் சொல்லிக்கொண்டே புருஷனைப் பார்த்து.

"ஆமாங்க" என்றார் நாச்சிமுத்து. "நாங்க எங்கியும் போகலை."